'ஒண்ணே ஒண்ணு கொளுத்திக் காட்டுங்க அண்ணாச்சி!' - நாரணாபுரம் பக்கம் பட்டாசு வாங்கப் போறீங்களா?

விருதுநகரைத் தாண்டி சிவகாசி ரோட்டில் கார் திரும்பியதுமே பின் சீட்டில் எண்ணிக்கை ஆரம்பமாகிவிடும். இடது பக்கம் ஒரு பட்டாசுக் கடை, வலது பக்கம் இரண்டு, அதற்கடுத்து வரிசையாக நாலு... திருத்தங்கல் வருவதற்குள் குட்டீஸ் எண்ணுவதையே விட்டுவிடுவார்கள். ரோட்டோர போர்டுகளில் சாமி படம், சினிமா ஸ்டில், சிங்கம், புலி, ராக்கெட் என்று எல்லாமே உண்டு. எல்லா போர்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். '80% தள்ளுபடி' என்ற பெரிய எழுத்து. ஒரு கடை 80 என்றால் அடுத்த கடை 85 என்கிறது. அதற்கடுத்த கடை 90-க்கே போய்விடுகிறது.

நாரணாபுரம், சிவகாசி நகரத்தை ஒட்டியிருக்கும் ஊர். பட்டாசு ஆலை, தீப்பெட்டி வேலை, அச்சகம் என்று சிவகாசிக்கு இருக்கும் மூன்று முகமும் இந்த ஊருக்கும் உண்டு. சுற்றுலா வரைபடத்தில் இதைத் தேடினால் கிடைக்காது. மலை கிடையாது, அருவி கிடையாது. வெயிலும், கருவேல முள்ளும், கரிசல் மண்ணும்தான். ஆனாலும் ஆடி முடிந்ததும் சனி, ஞாயிறுகளில் இந்தப் பக்கத்து ரோடுகளில் வேன்களும் கார்களும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகின்றன. மதுரை, திண்டுக்கல், நெல்லை மட்டுமல்ல, கேரளா, கர்நாடகா நம்பர் பிளேட்டுகளும் சகஜம். உள்ளூர் பட்டாசுக் கடையில் வாங்கினால் போதாதா என்று கேட்டால், 'உற்பத்தி ஆகுற இடத்துலேயே வாங்குனா விலை கம்மி' என்பார்கள். அது பாதி காரணம். மீதி, பட்டாசை அள்ளி அள்ளிப் பார்க்கிற சந்தோஷம்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பக்கம் முழுக்க 'சிவகாசி'தான். பெட்டி மேல் சிவகாசி என்று அச்சடித்திருந்தாலும், உள்ளே இருக்கும் வெடி நாரணாபுரத்திலோ விஸ்வநத்தத்திலோ வெம்பக்கோட்டைப் பக்கமோ உருட்டப்பட்டதாக இருக்கலாம். ஊர்ப் பெயர் வெளியே தெரியாமல் ஊரே வேலை செய்கிறது.

லிஸ்ட் ஒரு கையில், பேனா ஒரு கையில்

கடைக்குள் நுழைந்ததும் கையில் ஒரு விலைப்பட்டியல் தருவார்கள். நீளமான பேப்பர். வரிசை எண், பெயர், ஒரு பெட்டிக்கு எத்தனை, விலை, தள்ளுபடி போக விலை. அப்பா பட்ஜெட்டைச் சொல்ல, அம்மா டிக் அடிக்க, பிள்ளைகள் அலமாரியைப் பார்த்து நம்பர் சொல்ல, தாத்தா மட்டும் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து 'குருவி வெடி இருக்கா?' என்று கேட்பார். இருக்கும். லட்சுமி வெடி, அணுகுண்டு, சங்கு சக்கரம், புஸ்வாணம், சாட்டை, பாம்பு மாத்திரை, கம்பி மத்தாப்பு ஆகிய பழைய ஆட்கள் யாரும் ஊரை விட்டுப் போகவில்லை. அவர்களுக்குப் பக்கத்திலேயே ட்ரோன், ஹெலிகாப்டர், பட்டர்ஃபிளை, மயில் தோகை விரிக்கிற புஸ்வாணம், ஆகாயத்தில் பல கலரில் விரியும் ஃபேன்சி ஷாட்டுகள். ஒவ்வொரு வருஷமும் ஒரு புது அயிட்டம் வந்தே தீர வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகள் முகம் வாடிவிடும் என்று கடைக்காரர்களுக்குத் தெரியும்.

இப்போது அந்த 80 சதவீத விஷயத்துக்கு வருவோம். எந்தத் தொழிலில் நூறு ரூபாய்ப் பொருளை இருபது ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு லாபமும் பார்க்க முடியும்? முடியாது. லிஸ்டில் இருக்கும் விலையே தள்ளுபடி கொடுப்பதற்காக ஏற்றி வைத்த விலை. ஒரு கடையில் புஸ்வாணப் பெட்டி 500 ரூபாய், 80 சதவீதம் போனால் 100. அடுத்த கடையில் அதே சைஸ் பெட்டி 700 ரூபாய், 85 சதவீதம் போனால் 105. போர்டில் பெரிய நம்பர் போட்டிருக்கும் இரண்டாவது கடையில்தான் ஐந்து ரூபாய் கூடுதல். எனவே தள்ளுபடி எவ்வளவு என்று கேட்காமல், கையில் கொடுக்கிற காசு எவ்வளவு, பெட்டிக்குள் எத்தனை என்று கேட்பதுதான் கெட்டிக்காரத்தனம். பத்து எண்ணிக்கை பெட்டியும் ஐந்து எண்ணிக்கை பெட்டியும் வெளியிலிருந்து பார்க்க ஒரே உயரத்தில் இருக்கும் என்பதையும் வீட்டுப் பெண்கள்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள்.

பில் கேளுங்கள். பட்டாசுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி உண்டு. துண்டுச் சீட்டில் கூட்டல் போட்டுக் கொடுப்பதற்குப் பெயர் பில் அல்ல. கடையின் லைசென்ஸ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்க்கலாம். இதைக் கேட்டால் அண்ணாச்சி கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேண்டாம். முறையாக நடத்துகிறவர் சந்தோஷமாகக் காட்டுவார்.

கிஃப்ட் பாக்ஸ் வாங்குவது சுலபம். ஆனால், அதில் பாதி நம் வீட்டுக்கு வேண்டாத சரக்காக இருக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் மத்தாப்பு, சக்கரம், புஸ்வாணம் என்று தனித்தனியாக எடுத்து ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வாங்குவதே மேல். 'பத்தாயிரம் வாலா குடுங்க' என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல்: 2018 அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் சரவெடிக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆன்லைன் விற்பனைக்குத் தடை வந்ததும் அதே தீர்ப்பில்தான். ஆகவே, செல்போனில் வரும் 'சிவகாசி டைரக்ட் ஆஃபர்' விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டுவது இரண்டு வகையில் ஆபத்து. சட்டப்படியும் தப்பு, சரக்கு வருமா என்பதும் சந்தேகம். போலி பட்டாசு வெப்சைட்டில் பணத்தைத் தொலைத்தவர்களின் புகார்கள் ஒவ்வொரு தீபாவளிக்கும் சைபர் க்ரைம் போலீஸுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

பெட்டியில் பச்சை நிற லோகோவும் க்யூ.ஆர் கோடும் இருந்தால் அது பசுமைப் பட்டாசு. மத்திய அரசின் 'நீரி' ஆய்வு நிறுவனம் வகுத்த கலவையில் செய்வது. வழக்கமான பட்டாசைவிட 30 சதவீதமாவது தூசு குறைய வேண்டும் என்பது கணக்கு. பசுமை என்றதும் புகையே வராது என்று நினைத்துவிட வேண்டாம். வரும். கொஞ்சம் குறைவாக வரும்.

அந்த ஒரு கேள்வி மட்டும் வேண்டாம்

புது அயிட்டத்தைப் பார்த்ததும் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் கேட்பார்.

"அண்ணாச்சி, இது எப்படி வெடிக்கும்? ஒண்ணே ஒண்ணு கொளுத்திக் காட்டுங்களேன்."

"அதெல்லாம் இங்க கூடாது சார். செல்லுல வீடியோ இருக்கு, பாருங்க."

பல பெட்டிகளில் இப்போது வீடியோவுக்கென்றே க்யூ.ஆர் கோடு அச்சடித்துவிடுகிறார்கள். ஸ்கேன் செய்தால் அந்தப் பட்டாசு எப்படிப் பூக்கும் என்று தெரிந்துவிடும். ஆனாலும் சிலர் விடுவதில்லை. 'இவ்வளவு ரூபாய்க்கு வாங்குறோம், ஒரு சாம்பிள் காட்ட மாட்டீங்களா?' என்று கேட்பவர்களும் உண்டு. வியாபாரம் போய்விடுமே என்ற பயத்தில், கடைக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒன்றைக் கொளுத்திக் காட்டிவிடலாமா என்று ஒரு கடைக்காரருக்குத் தோன்றினால் என்ன ஆகும்?

2023 அக்டோபர் 17. தீபாவளிக்கு ஒரு மாசம்கூட இல்லை. சிவகாசி அருகே ரெங்கபாளையத்தில் ஒரு பட்டாசு ஆலையை ஒட்டிய கடைப் பகுதியில் பெண்கள் கிஃப்ட் பாக்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பட்டாசை வெடித்துப் பார்த்தபோது பறந்த தீப்பொறி, அடுக்கியிருந்த சரக்கில் விழுந்ததே விபத்துக்குக் காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. அங்கேயே பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ போக வேண்டிய பெட்டியில் சங்கு சக்கரத்தையும் கம்பி மத்தாப்பையும் வரிசையாக வைத்துக்கொண்டிருந்த கைகள்.

அதற்கு ஏழு வருஷம் முன்பு, 2016 அக்டோபர் 20-ம் தேதி சிவகாசியில் நடந்ததும் இதே மாதிரி ஒரு சீசன் நாளில்தான். கிடங்கிலிருந்து வேனில் பட்டாசு ஏற்றும்போது தீப்பிடித்தது. பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். புகை உள்ளே புகுந்து, ஸ்கேன் எடுக்க வந்தவர்களும் அங்கே வேலை பார்த்தவர்களும் மூச்சுத்திணறி இறந்தார்கள். பட்டாசுக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

இன்னொன்றும் இந்த மாவட்டம் மறக்காதது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஆலையில் முதல் வெடிச் சத்தம் கேட்டதும் சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் ஓடினார்கள். சிலர் காப்பாற்ற, சிலர் பார்க்க. அடுத்தடுத்த வெடிப்பில் அவர்களில் பலரும் மாட்டிக்கொண்டார்கள். இறந்தவர்கள் சுமார் 40 பேர். எங்காவது புகை எழும்பினால் வண்டியை ஓரங்கட்டி வீடியோ எடுக்கிற பழக்கம் இன்றைக்கு எல்லோருக்கும் வந்துவிட்டது. இந்த ரோடுகளில் அது கூடவே கூடாது. வந்த திசையிலேயே திரும்பிப் போவதுதான் சரி.

இதையெல்லாம் படித்துவிட்டு ட்ரிப்பையே ரத்து செய்ய வேண்டியதில்லை. கடையில் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்தால் போதும். கடை வாசலில் சிகரெட் பற்றவைக்கும் மாமாவை யாராவது ஒரு அதட்டு அதட்டினால் இன்னும் நல்லது.

'ஆலைக்குள்ள போய்ப் பார்க்கலாமா?'

பிள்ளைகளின் அடுத்த கேள்வி இது. நியாயமான ஆசைதான். ஆனால் பதில், முடியாது. காரணத்தைச் சொன்னால் பிள்ளைகளே புரிந்துகொள்வார்கள்.

பட்டாசு ஆலை என்றதும் பெரிய கட்டடம், புகைபோக்கி என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். பரந்த பொட்டல் காட்டில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள்தான் ஆலை. ஒரு அறையில் வெடித்தால் அடுத்த அறைக்குத் தீ தாவக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. மருந்து கையாளும் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது, இத்தனை கிலோவுக்கு மேல் மருந்து வைக்கக் கூடாது என்று கணக்கு இருக்கிறது. ஓடித் தப்பிக்க வசதியாகக் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும். இரும்புக் கருவி கூடாது, தட்டினால் பொறி வரும். நைலான் துணி கூடாது. உடம்பில் உரசி மின்சாரம் சேரும். பருத்திச் சேலை, பருத்திச் சட்டைதான். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மருந்துக் கலவை என்பது நெருப்பு பட்டால்தான் வெடிக்கும் என்றில்லை. கொஞ்சம் வேகமாக உரசினாலே போதும்.

வானத்தில் தெரிகிற ஒவ்வொரு நிறமும் ஒரு உப்பு. சிவப்பு ஸ்ட்ரான்ஷியம், மஞ்சள் சோடியம், நீலம் தாமிரம், வெள்ளி மின்னல் அலுமினியம் பொடி. பச்சைக்குப் பேரியம். இந்தப் பேரியத்துக்குத்தான் நீதிமன்றம் தடை போட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் பாடத்தைத் தூக்கத்தில் கேட்ட பிள்ளைகூட இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காரும். உள்ளூர்ப் பேச்சில் இவற்றுக்கெல்லாம் பொதுப் பெயர் 'மருந்து'. நோய்க்குக் கொடுப்பதும் மருந்து, வெடிக்கு அடைப்பதும் மருந்து!

விலை குறைவுக்கும் இந்த விபத்துகளுக்கும் சம்பந்தம் இருக்கிறதா? இருக்கிறது. விதிப்படி இடைவெளி விட்டு அறை கட்டி, அளவாக ஆள் வைத்து, மழை நாளில் வேலையை நிறுத்தி, இன்சூரன்ஸ் கட்டி நடத்துகிற ஆலைக்குச் செலவு கூடும். லைசென்ஸை ஒருவர் பெயரில் வைத்துக்கொண்டு அறை அறையாக வேறு ஆட்களுக்கு உள் குத்தகைக்கு விடுகிற ஆலைக்கும், யாருக்கும் தெரியாமல் வீட்டுத் திண்ணையிலும் தகரக் கொட்டகையிலும் திரி செருகுகிற இடத்துக்கும் அந்தச் செலவு கிடையாது. பெரிய விபத்து நடந்து அதிகாரிகள் விசாரிக்கும்போதெல்லாம் உள் குத்தகை, அளவுக்கு மீறிய ஆட்கள், அனுமதியில்லாத ஃபேன்சி ரகம் என்ற வார்த்தைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மார்க்கெட் விலையைவிட நம்ப முடியாத அளவுக்கு மலிவாக, கம்பெனி பெயரே இல்லாத பெட்டியில் ஒரு சரக்கு கிடைக்கிறது என்றால், அந்த மலிவுக்கான விலையை வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள். கம்பெனி பெயர், முகவரி, லைசென்ஸ் விவரம் அச்சிடாத பெட்டியை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

பட்டாசு இல்லாத கடைகளும் உண்டு

பட்டாசுக் கடையில் இரண்டு மணி நேரம் கழித்துவிட்டு நேராக பரோட்டாவுக்குப் போய்விடுவது பெரும்பாலான குடும்பங்களின் வழக்கம். உண்மையில் இந்தப் பக்கத்தின் விநோதமான கடைகள் பட்டாசுக் கடைகள் அல்ல, காகிதக் கடைகள்.

கதை தீப்பெட்டியில் ஆரம்பிக்கிறது. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பொய்த்த கரிசல் பூமியில் வேறு வேலை இல்லாத கைகள் நிறைய இருந்தன. காற்றில் ஈரம் குறைவு. குச்சி சீக்கிரம் காயும். விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வெயில் இந்தத் தொழிலுக்கு வரமாகிவிட்டது. தீப்பெட்டியில் வண்ண மத்தாப்பு, அதிலிருந்து பட்டாசு. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து லைசென்ஸ் முறை ஏற்பட்ட பிறகு ஆலைகள் பெருகின. தீப்பெட்டிக்கு மேல் ஒட்ட ஒரு படம் வேண்டுமே? அதற்கு அச்சகம். படம் அச்சடித்த அச்சகம் பிறகு பட்டாசு லேபிள், காலண்டர், நோட்டுப் புத்தகம், வாழ்த்து அட்டை, கல்யாணப் பத்திரிகை என்று வளர்ந்தது. நேரு 'குட்டி ஜப்பான்' என்று பாராட்டியதாக இந்த ஊர்க்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

இப்போது ஐம்பது, அறுபது வயதில் இருப்பவர்களிடம் தீப்பெட்டிப் படத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தெருவில் கிடந்த படங்களைச் சேர்த்து, சீட்டு மாதிரி அடுக்கி, விளையாடி ஜெயித்த கதை கட்டாயம் வரும். அந்தப் படங்கள் பிறந்த ஊர் இது. அம்மாவும் பிள்ளையும், கிளி, கப்பல், சாவி, குதிரை என்று வரைந்து வரைந்து, எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்குகிற மாதிரி செய்தார்கள். பட்டாசிலும் அதுதான், அணில் மார்க், கோழி மார்க் என்று மார்க்கைச் சொல்லித்தான் பெரியவர்கள் கேட்பார்கள். தீப்பெட்டி விலை 14 வருஷம் ஒரு ரூபாயிலேயே நின்று, 2021 டிசம்பர் 1-ம் தேதிதான் இரண்டு ரூபாய் ஆனது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பொருளை வேறெங்கே காட்ட முடியும்?

தீப்பெட்டிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகளின் வயதில்தான் ஒரு காலத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகள் விடியற்காலையில் வேன் ஏறி ஆலைகளுக்குக் குச்சி அடுக்கப் போனார்கள். 1990-ல் வெளிவந்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் அதைத்தான் உலகத்துக்குக் காட்டியது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பர் 10-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பது உத்தரவு. இன்று இந்தப் பக்கத்து ரோடுகளில் காலையில் ஓடுகிற மஞ்சள் வேன்கள் பள்ளிக்கூட வேன்கள். இந்த மாற்றத்தைச் சொல்லிக்கொடுக்க இதைவிடப் பொருத்தமான ரோடு கிடையாது.

காலண்டர் கடைகளுக்கு வருவோம். இங்கே புது வருஷம் ஜனவரியில் பிறப்பதில்லை, ஆடிப் பதினெட்டில் பிறக்கிறது. அன்றைக்குப் பூஜை போட்டு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது அச்சகங்களின் வழக்கம். ஆல்பத்தைப் புரட்டினால் முருகன் மட்டும் எத்தனை முருகன்! வேலோடு, மயிலோடு, வள்ளி தெய்வானையோடு, ராஜ அலங்காரத்தில், ஆண்டிக் கோலத்தில். லட்சுமி, பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா, குழந்தை சிரிக்கும் படம், சுவிட்சர்லாந்து மாதிரி ஒரு மலை. தங்க ஃபாயில் போட்டது, எம்போஸிங் செய்து தடவினால் மேடு தட்டுவது என்று ரகம் ரகமாக இருக்கும். ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், சந்திராஷ்டமம் எல்லாம் அடங்கிய தினசரி காலண்டர் கட்டை, நம் ஊர் மளிகைக் கடைக்காரர் பெயரையும் போன் நம்பரையும் சுமந்துகொண்டு வருஷப் பிறப்புக்கு வீட்டுக்கு வருகிறதே, அது கிளம்புகிற இடம் இதுதான். சொந்தக் கடை வைத்திருப்பவர் என்றால் இந்த ட்ரிப்பிலேயே அடுத்த வருஷத்துக்கு ஆர்டரும் கொடுத்துவிடலாம்.

நோட்டுப் புத்தகமும் அப்படித்தான். பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு வந்தால் ஒரு வருஷத்துக்கான நோட்டை மொத்தமாக வாங்கிக்கொண்டு போகலாம். அச்சகங்களில் ஓரம் வெட்டி மீந்த காகிதத் துண்டுகள் எடை போட்டு விற்கப்படுகின்றன. பழைய பேப்பரும் பரீட்சைத் தாளும்தான் வெடிக்கு உறையாகச் சுருட்டப்படுகின்றன. தீபாவளி மறுநாள் காலையில் வாசலில் கிடக்கும் வெடித் துணுக்கைப் பொறுக்கிப் படித்தால், யாரோ ஒரு பிள்ளை எழுதிய கணக்கில் பாதி வரும். விடை சரியா தப்பா என்பது வெடித்துப் போயிருக்கும்.

வயிற்றுக்கு

இதை நீட்ட வேண்டியதில்லை. போகிறவர்கள் பெரும்பாலும் இதைத் திட்டமிட்டுவிட்டுத்தான் பட்டாசையே யோசிக்கிறார்கள். விருதுநகரில் சாயங்காலம் எண்ணெய் பரோட்டா, சால்னா. எண்ணெயில் பொரித்தெடுத்த பரோட்டாவை நொறுக்கிப் போட்டு மேலே சால்னா ஊற்றினால், டயட்டில் இருக்கும் அக்காகூட 'ஒண்ணு மட்டும்' என்று ஆரம்பித்து மூன்றில் நிற்பார். சாத்தூர் வழி திரும்பினால் காராச்சேவு, வெள்ளரிப்பிஞ்சு. அந்தச் சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் பெயர் போன ஊர் என்பதை மைப்பேனா காலத்து ஆட்கள் சொல்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போனால் பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. பாலும் சர்க்கரையும் மட்டும்தான் சரக்கு, மற்றதெல்லாம் கிண்டுகிற கையின் பொறுமை. நான்கு வழிச்சாலையில் கோவில்பட்டி வரை இறங்கினால் கடலை மிட்டாய், அதற்கும் 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது.

ஒரே நாளில் சாமி கும்பிடவும் வேண்டும் என்றால், திருத்தங்கலில் நின்ற நாராயணப் பெருமாள் குன்றின் மேல் நிற்கிறார். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. விருதுநகரில் காமராஜர் வளர்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. அவ்வளவு பெரிய மனிதர் வளர்ந்த வீடு எவ்வளவு சின்னது என்று பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். வெம்பக்கோட்டையில் 2022-ல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த சங்கு வளையல்களையும் சுடுமண் பொம்மைகளையும் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் அந்தப் பக்கமும் ஒரு நடை போகிறார்கள்.

பெட்டி எங்கே போகும்?

திரும்பும்போதுதான் எல்லோரும் அலட்சியம் காட்டுகிறார்கள். காலையில் பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய குடும்பம், ராத்திரி அதே ரயிலில் பட்டாசுப் பையோடு ஏறப் பார்க்கும். துணிப் பைக்குள் பால்கோவாவுக்கு அடியில் வைத்தால் யாருக்குத் தெரியும் என்பது கணக்கு. ரயில்வே சட்டம் 164-ம் பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏதாவது நடந்தால் நஷ்டத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். அபராதம் சின்னதாகத் தெரியலாம். பூட்டிய ஏ.சி பெட்டிக்குள் ஒரு பெட்டி மத்தாப்பு பற்றிக்கொண்டால் எத்தனை பேர் என்பதை யோசித்தால் போதும். பஸ்ஸிலும் கூடாது. ரயிலில் வருகிறவர்கள், அங்கீகாரம் பெற்ற பார்சல் லாரியில் தங்கள் ஊருக்கு அனுப்பி வைக்கும் கடையில் வாங்குவதுதான் ஒரே வழி.

காரில் வந்தவர்கள் பெட்டியை டிக்கியில் வையுங்கள். பின் சீட்டில் பிள்ளைகளின் காலடியில் வைத்து, அதன் மேலேயே அவர்களை உட்கார வைப்பது பல கார்களில் நடக்கிறது. பெட்ரோல் கேன், ஜாக்கி, பேட்டரி வயர் எதுவும் பக்கத்தில் உரசக் கூடாது. வழியில் பரோட்டாவுக்கு நிறுத்தினால் வெயிலில் கண்ணாடியை ஏற்றி மூன்று மணி நேரம் விட்டுவிடாதீர்கள்; அடுப்பு எரிகிற கடை வாசலிலும் நிறுத்தாதீர்கள். சாப்பாட்டைக் காலையில் முடித்துவிட்டு, பட்டாசைக் கடைசியாக வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போவது அனுபவசாலிகளின் வழி.

வீட்டுக்கு வந்த பிறகு பூஜை அறையிலோ சமையலறைப் பரணிலோ ஏற்றிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை. இரண்டு மணி நேரத்தில் ஒரு டிக்கி நிறையப் பட்டாசைத் தீர்க்க முடியாது என்பதையும் லிஸ்டில் டிக் அடிக்கும்போதே நினைவில் வைத்தால் பணமும் மிஞ்சும்.

எப்போது போவது? தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்கள் வேண்டவே வேண்டாம். ரோட்டில் வண்டி நகராது, கடையில் யாருக்கும் பதில் சொல்ல நேரமிருக்காது, கிடங்கில் சரக்கு கூரை வரை அடுக்கியிருக்கும். ஆடிப் பதினெட்டுக்குப் பிறகு ஆவணிக்குள், வார நாளில் ஒரு காலை நேரம் போனால், அண்ணாச்சியே நிதானமாக ஒவ்வொரு பெட்டியையும் எடுத்துக் காட்டுவார். தீபாவளி முடிந்தால் ஆலைகள் கொஞ்ச நாள் பூட்டிக் கிடக்கும். அப்போது நாரணாபுரம் பக்கம் கேட்பது பட்டாசுச் சத்தம் அல்ல, அச்சு மிஷின்களின் சத்தம். காலண்டர் பார்க்க அதுதான் நேரம்.